பாத்தியைப் புதுப்பிக்கத் தை வரை பொறுப்போம்

காரைக்காலில் தெருக்காரர்கள் சேர்ந்து வளர்க்கும் தோட்டமோ, பள்ளிக்கூடத்து மூலையோ, கோயில் நந்தவனமோ, எதுவானாலும் மூலிகைப் பாத்தி போட்டு மூன்று நான்கு வருடம் ஆகிவிட்டால் பெரும்பாலும் ஒரே தோற்றத்துக்கு வந்துவிடுகிறது. துளசி அடியெல்லாம் கட்டையாகி, உச்சியில் நாலு இலையோடு நிற்கும். கற்பூரவள்ளி நடுவில் அழுகி, ஓரத்தில் மட்டும் உயிர் வைத்திருக்கும். தூதுவளை பக்கத்துச் செடிமேல் படர்ந்து, கிட்டே போனால் சேலையைப் பிடித்து இழுக்கும். வல்லாரை இருந்த இடத்தில் கோரை நிற்கும். பெயர்ப்பலகைகளில் எழுத்து வெயிலில் போயிருக்கும். பார்ப்பவர் யாரானாலும், "எல்லாத்தையும் பிடுங்கிட்டு புதுசா வச்சிடலாம்" என்றுதான் சொல்வார். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் நெருங்கும்போது இந்தப் பேச்சுக்கு வேகம் கூடும்.

அந்த ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் காரைக்கால் மண்ணில் ஜூன் மாதம் மூலிகைக் கன்று நடுவது, பச்சைப் பிள்ளையை உச்சி வெயிலில் நிறுத்துவதற்குச் சமம். கன்று வாங்க மனமும் பணமும் எங்கிருந்தாவது வந்துவிடுகின்றன. நடுகிற நாளைத்தான் தவறவிடுகிறோம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதே பாத்தியை அதே போலப் புதுப்பித்து, அதே போல இழப்பதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் கருத்து. ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

நம்முடையது கடைமடை. மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமாகக் குறித்த நாள் ஜூன் 12. திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, அரசலாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு வழியாக நம்மிடம் வந்து சேர்வதற்குள் நாள்கள் ஓடிவிடும். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 7 டி.எம்.சி.; 2018-இல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவை மாற்றவில்லை. அந்தப் பங்கு காரைக்கால் வயல்களைக் கருதி எழுதப்பட்டது. அது முறையாக வந்தால்கூட, தெருவோரத் தோட்டத்துக்கு அதிலிருந்து ஒரு குடம் கிடைக்காது. தோட்டத்துக்குக் கிடைப்பது ஆழ்துளைக் குழாய்த் தண்ணீர்தான். கோடை முடிகிற நேரத்தில் நிலத்தடி நீர் இறங்கிப் போயிருக்கும். கடலோரத்தில் நல்ல தண்ணீர் இறங்க இறங்க, உப்புத் தண்ணீர் அந்த இடத்தைத் தேடி உள்ளே வரும். அந்தத் தண்ணீரைத்தான் ஜூனில் கன்றுக்கு ஊற்றுகிறோம். மேலே கச்சான் காற்று மண்ணை உலர்த்திக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதில் கரைந்திருந்த உப்பு போகாது, மேல்மண்ணிலேயே தங்கும். பாத்தி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான்.

கன்றின் கண்ணோடு இதைப் பார்த்தால் நன்றாகப் புரியும். மண்ணில் உப்பு கூடினால் தண்ணீர் இருந்தும் வேரால் அதை இழுக்க முடிவதில்லை. செடி வாடுகிறது. வாடியதைப் பார்த்து நாம் இன்னும் இரண்டு சொம்பு ஊற்றுகிறோம். அந்தத் தண்ணீரோடும் உப்பு சேர்கிறது. இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்தது போலப் பழுப்பாகிறது. தினமும் மேலாகக் கொஞ்சம் தெளிப்பதுதான் அன்பு என்று நினைக்கிறோம். உவர் மண்ணில் அது உப்பை மேலேயே நிறுத்தி வைக்கிற வேலை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஆழமாக இறங்கும்படி ஊற்றி, மேலே வைக்கோலோ காய்ந்த இலையோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டால் செடிக்கு அதைவிட நல்லது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். உப்பு மண் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் இரண்டு வகை உண்டு. உவர் நிலம் என்பது தண்ணீரில் கரையும் உப்புகள் மிகுந்த மண். களர் நிலம் என்பது சோடியம் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு, மண்ணையே இறுக்கிவிட்ட நிலை. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் கலங்கி நிற்கும், காய்ந்தால் ஓடு மாதிரி வெடிக்கும். ஆய்வுக்கூடத்தில் மின்கடத்தும் திறன் 4 டெசிசீமனுக்கு மேல் போனால் உவர் என்பார்கள். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் களர் என்று சந்தேகிப்பார்கள். இரண்டும் கலந்த மண்ணும் உண்டு. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், ஜிப்சம் களருக்குத்தான் மருந்து. ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். வெறும் உவர் மண்ணில் ஜிப்சம் கொட்டினால் பயனில்லை. ஜிப்சமே ஓர் உப்புதான். உவருக்கு ஒரே வைத்தியம் நல்ல தண்ணீரில் கழுவி, கழுவிய தண்ணீரை வெளியே விடுவது. ஆகவே மண்ணைச் சோதிக்காமல் "கடலோர மண், ஜிப்சம் போடுங்க" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். செருமாவிலங்கையில் 1987-இல் தொடங்கிய பண்டித ஜவகர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பாத்தியின் ஐந்தாறு இடங்களில் அரை அடி ஆழம் வரை மண்ணெடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோவைப் பையில் போட்டுக்கொண்டு போய் எங்கே சோதிக்கலாம் என்று கேட்கலாம். கூடவே ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீரையும் கொண்டுபோக வேண்டும். மண்ணைப் பரிசோதித்துத் தண்ணீரை விட்டுவிட்டால் பாதி உண்மைதான் தெரியும்.

உப்பு ஏறிய நிலத்தை மீட்க முடியும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு போன்ற நம் மீனவ ஊர்களையும், தெற்கே நாகை மாவட்டக் கடலோரத்தையும் அடித்தபோது, உயிரிழப்புக்கு அடுத்து வந்த துயரம் வயல்களில் ஏறிய கடல்நீர். நிலம் இனி ஆகாது என்றுதான் பலர் நினைத்தார்கள். நாகைப் பகுதியில் அந்த நிலங்களை மீட்கும் வேலையில் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் விவசாயிகளோடு நின்றார். கடல் கொண்டுவந்த சேற்றை அகற்றுவது, வரப்புக் கட்டி மழைநீரைத் தேக்கி வடிப்பது, உப்பைத் தாங்கும் தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது என்று எல்லாம் இங்குள்ள விவசாயிக்குக் கைப்பழக்கமான வேலைகள். வயலுக்குப் பலித்த முறை எண்பது சதுர அடிப் பாத்திக்கும் பலிக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மண்ணைக் கழுவுவதற்கு ஒரு பொது விதி உண்டு: எவ்வளவு ஆழ மண்ணோ, அவ்வளவு உயரத் தண்ணீர் அதன் வழியாக இறங்கி வடிந்தால், கரையும் உப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு போய்விடும். 20 அடி நீளம், 4 அடி அகலப் பாத்தியில் ஓர் அடி ஆழத்தைக் கழுவ, ஓர் அடி உயரத் தண்ணீர் வேண்டும். அது சுமார் 2,250 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 150 குடம், அதுவும் உப்பில்லாத தண்ணீர். கோடையில் அதற்கு எங்கே போவது? ஐப்பசியும் கார்த்திகையும் ஒழுங்காகப் பெய்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலான மழை தானாகவே பாத்தியில் விழுகிறது. வானம் இலவசமாகக் கழுவித் தருகிற மண்ணில், கழுவுவதற்கு நாலு மாதம் முன்பே கன்றை நட்டுவிட்டு, அது வாடுகிறதே என்று வருந்துகிறோம்.

ஆனால் மழை மண்ணைக் கழுவ வேண்டுமென்றால் விழுந்த தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். நம் தோட்டங்களில் பெரும்பாலானவற்றில் அதுதான் இல்லை. செங்கல்லை வரிசையாக நட்டுச் சிமெண்டு பூசிய பாத்தி பார்க்க அழகாக இருக்கிறது. மழைக்காலத்தில் அது ஒரு தொட்டி. உப்பு கரைந்து அங்கேயே நிற்கும், தண்ணீர் வற்றியதும் திரும்பவும் மண்ணில் படியும். இடையில் கற்பூரவள்ளியும் துளசியும் வேரழுகிச் சாகும். கோடையில் உப்பு, மழையில் தேக்கம் என்று ஒரே பாத்தி வருடத்தில் இரண்டு முறை சாகடிக்கிறது. கன்றுக்குச் செலவழிக்கும் பணத்தை முதலில் வடிகாலுக்குச் செலவழிக்கலாம். பாத்தியின் தாழ்ந்த முனையில் இரண்டு செங்கல்லை எடுத்துவிட்டு, முக்கால் அடி ஆழத்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, தெருச் சாக்கடையின் தண்ணீர் எதிர்த்து ஏறாத இடமாகப் பார்த்து விட்டாலே போதும்.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்று பெரியவர்கள் சொன்னது தப்பா என்று கேட்கலாம். தப்பில்லை. ஆடியில் விதைக்கத்தான் வேண்டும். விதைக்க வேண்டியது தக்கைப்பூண்டு. பாத்தியில் நெருக்கமாகத் தூவி, 45 நாளில் பூ வைக்கிற சமயத்தில் வெட்டிப் புதைத்தால் மழைக்கு முன் மட்கிவிடும். மண் பொலபொலப்பாகும், தண்ணீர் இறங்க வழி பிறக்கும். ஆவணி, புரட்டாசியில் வடிகால் வேலையை முடித்து, பாத்தியை ஓர் அடி உயர்த்திவிடலாம். உயர்த்துவதற்குத் தென்னைநார்க் கழிவு சேர்ப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை: புதிய நார்க்கழிவிலேயே உப்பு அதிகம் இருக்கக்கூடும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, மட்க வைத்த பிறகே சேர்க்க வேண்டும். மட்கிய தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் அதைவிட நம்பகமானவை. துளசியின் வேரில் சிறு சிறு முடிச்சுகள் தெரிந்தால் அது நூற்புழு. அந்த இடத்தில் ஒரு பருவம் செண்டுப்பூ போட்டுவிட்டு, துளசியை வேறு இடத்துக்கு மாற்றுவது நல்லது.

தை பிறந்ததும் நடவு. மண்ணில் ஈரம் இருக்கும், உப்பு இறங்கியிருக்கும், பனி இருக்கும், வெயில் மிதமாக இருக்கும். சித்திரை வருவதற்குள் வேர் மூன்று மாதம் ஆழம் பார்த்துவிடும். அப்படி வேர் விட்ட செடி அக்னி நட்சத்திரத்தைத் தாங்குகிறது.

அடுத்து, எதைப் பிடுங்குவது, எதை விடுவது? எல்லாவற்றையும் பிடுங்குவதைப் போன்ற வீண் வேலை வேறில்லை. ஒவ்வொரு செடிக்கும் ஓர் ஆயுள் கணக்கு இருக்கிறது. துளசி இரண்டு மூன்று வருடச் செடி. கட்டையான அடியை வெட்டினால் அதிலிருந்து தளிர் வருவது அரிது. முற்றிய கதிரிலிருந்து விதை எடுத்து, மண்ணை மூடாமல் மேலாகத் தூவினால் போதும். நட்டபின் பூக்கதிர் வர வர நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் செடி சீக்கிரம் கட்டையாகாது. நொச்சியும் ஆடாதோடையும் நேர்மாறு. முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்தால் இளமை திரும்பிவிடும். இவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கடையில் புதுக்கன்று வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கும். கற்பூரவள்ளியின் நல்ல நுனிகளை ஒரு சாண் நீளத்துக்கு ஒடித்து, வெட்டுவாய் காய ஒரு நாள் நிழலில் போட்டு, பிறகு நட்டால் சில வாரத்தில் வேர் பிடிக்கும். வல்லாரையைப் பாய் சுருட்டுவது போலக் கிளப்பி, கணுவில் வேருள்ள துண்டுகளாகப் பிரிக்கலாம். எலுமிச்சைப் புல்லின் தூரையும் அப்படியே. கற்றாழைக்குப் பக்கக் கன்றுகள் இருக்கின்றன. பிரண்டைக்கு ஒரு கணு போதும். பழைய பாத்தி என்று நாம் சலித்துக்கொள்வதே புதிய பாத்திக்கு வேண்டிய நாற்றங்கால்.

இன்னொரு வகை இருக்கிறது: வருவதும் போவதும் தானாகவே நடத்திக்கொள்ளும் செடிகள். கீழாநெல்லி, நிலவேம்பு, முடக்கத்தான், கரிசலாங்கண்ணி ஆகியவை பெரும்பாலும் ஒரு பருவத்தில் முளைத்து, விதை போட்டு, காய்ந்துவிடும். கோடையில் அந்த இடம் வெறுமையாகத் தெரிந்தால் செடி செத்துவிட்டது என்று நினைத்து வேறு எதையாவது நட்டுவிடுகிறோம். மழை வந்து அவை முளைக்கும்போது களை என்று கொத்திவிடுகிறோம். களை எடுக்க வருகிறவர்களுக்கு இந்த நாலு செடியின் இளங்கன்றையும் முதலில் காட்டிவிட்டுப் பிறகு களைக்கொத்தைக் கொடுப்பது நல்ல பழக்கம்.

இடம் ஒதுக்குவதிலும் ஊர் மண்ணை ஒட்டிப் போகலாம். வடிகாலை வீண் பள்ளம் என்று நினைக்காமல், அங்கே வல்லாரை, பொன்னாங்கண்ணி, வசம்பு, நீர்ப்பிரமி ஆகியவற்றை வைக்கலாம். இவை ஈரத்தில் வாழப் பிறந்தவை; நீர்ப்பிரமி சற்றே உப்பு கலந்த தண்ணீரையும் பொறுக்கும். மேட்டில் துளசி, கற்பூரவள்ளி, கற்றாழை, பிரண்டை. கொண்டல் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வரும் கிழக்கு ஓரத்தில் மருதாணியும் நொச்சியும் வேலியாக நின்றால் உள்ளே இருப்பவை தப்பிக்கும். மண் சரியாமல் பிடிக்க வெட்டிவேர். உவரைத் தாங்குபவற்றை மதிப்பது நமக்குப் புதிதல்ல. திருநள்ளாறு இறைவனுக்குத் தர்ப்பாரண்யேசுவரர் என்று பெயர். தலமரமாக நிற்பது மரமல்ல, தர்ப்பைப் புல். தர்ப்பை என்று நாம் அழைக்கும் புற்களில் ஒன்று உவரையும் களரையும் தாங்கி வளரக்கூடியது.

கறிவேப்பிலையைப் பாத்தியில் வைக்கச் சொல்லிக் கேட்பார்கள். அது மரமாகும் செடி, உப்பும் தேக்கமும் ஆகாது. தோட்டத்தின் மேடான மூலையில் தனியாக வைத்தால் போதும். அதைச் சொல்லும்போது ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. நண்டலாற்றைத் தாண்டிப் பொறையாறு வழியாகப் போனால் தரங்கம்பாடி. அங்கே டேனிஷ்காரர்களிடம் மருத்துவராக வேலை பார்க்க 1768-இல் வந்தவர் யோகான் கெர்ஹார்ட் கோனிக். உயிரின வகைப்பாட்டியலின் தந்தை எனப்படும் லின்னேயசின் மாணவர். கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரான முர்ராயா கோனிகீ என்பதில் இருப்பது அவர் பெயர்தான். அதற்கும் முன்னால், 1711-இலேயே, தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த குருண்ட்லர் தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதி வைத்தார். நம் கொல்லைச் செடிகளை அக்கறையாகப் பார்த்துப் பெயர் எழுதி வைத்தவர்கள் இந்தக் கடலோரத்திலேயே இருந்திருக்கிறார்கள். நாமும் பெயர்ப்பலகையை அதே அக்கறையோடு எழுதலாம்.

பெயர் சரியாக இல்லாவிட்டால் மூலிகைத் தோட்டம் ஆபத்தாகிவிடும் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். பிரம்மி என்று வடக்கே வல்லாரையையும் சொல்வார்கள், இங்கே நாம் நீர்ப்பிரமியைச் சொல்வோம். கீழாநெல்லிக்கு அதன் சிறு காய்கள் இலைக்காம்பின் அடியில் வரிசையாகத் தொங்குவதுதான் அடையாளம். அதைப் போலவே தோன்றும் இனங்கள் பல. மணலில் தானாகப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் கிடைக்கின்றன; ஆனால் அந்த இலையை வீட்டில் மென்று தின்றால் நஞ்சு. ஆடாதோடையைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். பலகையில் தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், தின்னலாமா கூடாதா என்ற ஒரு வரி ஆகிய மூன்றும் இருந்தால் போதும். "இந்த நோய் தீரும்" என்று எழுத வேண்டாம். கீழாநெல்லியையே எடுத்துக்கொள்வோம். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் எஸ்.பி. தியாகராஜனும் சகாக்களும், நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக அதில் சொன்னார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னால் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் அப்படியே கிடைக்கவில்லை. அத்தனை பெரியவர்களே உறுதியாகச் சொல்ல முடியாததை நம் தகரப் பலகை சொல்லலாகாது. மஞ்சள் காமாலை என்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

பொதுப் பாத்தி கெடுவதற்குப் பறிக்கிற கைகளும் ஒரு காரணம். இருமல் வந்த வீட்டுக்காரர் விடியற்காலையில் வந்து கற்பூரவள்ளியைக் கொத்தாக ஒடித்துக்கொண்டு போவார். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவருக்காகத்தான் அதை வளர்க்கிறோம். ஆனால் நுனியிலிருந்து இரண்டு மூன்று ஜோடி இலையோடு கிள்ளினால் செடி பக்கத்தில் இரண்டாகக் கிளைக்கும், அடியில் ஒடித்தால் முடிந்துவிடும் என்பதை ஒருமுறை காட்டிவிட்டால் அவரே கவாத்துக்காரராகிவிடுகிறார். ஒரு நேரத்தில் ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருந்தால் போதும். புதிதாக நட்ட செடியில் பங்குனி வரை கை வைக்க வேண்டாம்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முறை வைப்பது நமக்குப் பழகியதுதான். வயலுக்கு முறைப்பாசனமும், வாய்க்காலுக்குக் குடிமராமத்தும் நம் ஊர்களின் வழக்கம். யார் எந்த வாரம் என்று எழுதி ஒட்டுவதோடு, வடிகாலைத் தூர்வாரும் நாளையும் சேர்த்து எழுத வேண்டும். ஐப்பசி மழைக்கு ஒரு வாரம் முன்பு அந்த நாள் வர வேண்டும். தண்ணீர் ஊற்ற ஆள் கிடைப்பார்கள். தூர்வாரத்தான் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு வேலை. புரட்டாசியில் கற்பூரவள்ளியையும் ஆடாதோடையையும் கவாத்து செய்யும்போது கிடைக்கும் துண்டுகளைக் குப்பையில் போடாமல், பால் பாக்கெட்டிலும் பழைய வாளியிலும் நட்டு, மழைக்காலம் முழுக்க வீடு வீடாகத் திண்ணையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பாத்தி மூழ்கினாலும் மேலத்தெருத் திண்ணையில் ஒரு கற்பூரவள்ளி இருக்கும், கீழத்தெரு மாடியில் ஓர் ஆடாதோடை இருக்கும். பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொருவரும் தங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தால், கன்று வாங்கக் காசு திரட்டத் தேவையிருக்காது.